ராத்திரி கயோட்டி வேட்டை: இரை, ஐஆர் (இன்ஃப்ராரெட், அதாவது அகச்சிவப்பு) லைட், குளிர் பத்தி எல்லாரும் கேக்கற கேள்விகள்

முதல்லயே சொல்லிடறேன், எங்க பரம்பரையில துப்பாக்கி தொட்டவங்க யாரும் கிடையாது, தாத்தா வயல்ல எலிக்கிட்டி வெச்சதோட சரி. வேலைக்காக அமெரிக்கா வந்து வடகிழக்கு மூலையில மெய்ன் மாநிலத்துல குடியேறினவன் நான். எங்க வீட்டுக்கு ரெண்டு மைல் தள்ளி ஆட்டுப்பண்ணை வெச்சிருக்கற பெரியவர் ஒருத்தர், ஒரே மாசத்துல மூணு குட்டியை பறிகொடுத்த கோவத்துல இருந்தப்ப, சும்மா கூட வந்து ஒக்காருன்னு கூப்பிட்டார், போனேன், இப்ப ஏழு பனிக்காலம் ஆச்சு. வாட்ஸப்ல, போன்ல, பொங்கல் விழா சாப்பாட்டு வரிசைலன்னு எல்லா இடத்துலயும் ஒரே கேள்விகள் வர்றதால ஒரே இடத்துல எழுதி வெச்சுடறேன்.

கயோட்டின்னா நரியா ஓநாயா?

ரெண்டும் இல்ல, நடுவுல ஒரு ஆளு. பேரே மெக்சிகோ பக்கத்து நவாத்தல் மொழிச் சொல்லுல இருந்து வந்தது. பாக்க நம்ம ஊரு குள்ளநரியோட பெரியண்ணன் மாதிரி இருக்கும். மேற்குப் பக்கம் சமவெளியில இருக்கறது சின்னது, 10-15 கிலோ. எங்க பக்கம் இருக்கற கிழக்கு கயோட்டி 15-20 கிலோ வரும், அதுக்கும் மேல போறதும் உண்டு, ஏன்னா இது கனடா வழியா கிழக்க பரவி வந்தப்ப வழியில ஓநாயோடயும் நாயோடயும் கலந்துடுச்சு, மரபணுவுல அது தெரியுது. மெய்ன்ல ஓநாயை 1800கள்லயே மனுஷன் ஒழிச்சுக்கட்டிட்டான், அந்த காலி இடத்துக்கு 1930கள்ல இது வந்து ஒக்காந்துடுச்சு. இன்னைக்கு ஹவாயைத் தவிர எல்லா அமெரிக்க மாநிலத்துலயும் இருக்கு, சிகாகோ நகரத்துக்கு நடுவுலயே குடும்பம் நடத்துது.

சரி, ஏன் ராத்திரி? பகல்ல சுட முடியாதா?

பகல்லயும் சுடலாம், எங்க மாநிலத்துல பகல் வேட்டை வருஷம் முழுக்க உண்டு. ஆனா மனுஷ நடமாட்டம் இருக்கற இடத்துல கயோட்டி ராத்திரி ஷிஃப்டுக்கு மாறிடுது. மரத்துல கட்டி வெச்சா மிருகம் வந்ததும் தானா படம் எடுக்கற எங்க டிரெயில் கேமராவுல வர்ற படத்துல முக்கால்வாசி சாயங்காலம் ஏழுல இருந்து விடிகாலை அஞ்சுக்குள்ளதான். அதுவும் மெய்ன்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் நிலம் காடு. டெக்சஸ்காரங்க மாதிரி மேட்டு மேல நின்னு முயல் கத்தற சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டு அரை மைலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஓடி வர்றதை பாக்கற கதை இங்க நடக்காது, மரத்துக்கு மரம் மறைவு, அது உங்களை மோப்பம் பிடிச்சுட்டு திரும்பிப் போனதே உங்களுக்கு தெரியாது. அதனால இங்க பழைய வழி என்னன்னா, காட்டுல இருந்து அதை வெட்டவெளிக்கு வரவைக்கறது. அதுக்குத்தான் இரை.

இரைன்னு என்ன போடறீங்க?

இந்தக் கேள்விக்குத்தான் பெரிய பதில். பாதி வேலையே இதுதான், நாத்தம் பிடிச்ச வேலை.

பொதுவா கறிக்கடை கழிவு, எலும்பு, கொழுப்பு. பொறி வெச்சு பீவர்ங்கற ஆத்துப் பிராணியை பிடிக்கறவங்க தோலை உரிச்சுட்டு மிச்ச உடம்பை சும்மாவே குடுப்பாங்க, எங்க ஊர்ல அதுக்கு ஏக மவுசு, கொழுப்பும் வாசனையும் அவ்ளோ. பால்பண்ணையில செத்துப் பொறந்த கன்னுக்குட்டியும் கிடைக்கும், ஆனா செத்த மாட்டை எங்க போடலாம் எங்க போடக் கூடாதுன்னு ஒவ்வொரு மாநிலத்துலயும் சட்டம் இருக்கு, கேட்டுட்டு செய்ங்க.

போடவே கூடாதது ஒண்ணு இருக்கு, இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. டாக்டர் ஊசி போட்டு சாகடிச்ச குதிரை, மாடு, நாய், எதையும் இரையா போடாதீங்க. அந்த ஊசில இருக்கற பென்டோபார்பிடால் செத்த உடம்புக்குள்ளயே தங்கிடும், அதைத் தின்ன கழுகு அங்கேயே மயங்கி விழுந்து சாகும். வெண்தலைக் கழுகு செத்தா அமெரிக்க மத்திய அரசு கேஸு. விஷம் கலக்கறதும் அதே மாதிரிதான், அந்தக் காலத்துல ஆட்டுக்காரங்க கண்டபடி விஷம் வெச்சு கழுகு, நரி, நாய்னு எல்லாம் செத்து, 1972ல அதிபர் நிக்சன் உத்தரவு போட்டுத்தான் மத்திய அரசு நிலங்கள்ல அதை நிறுத்தினாங்க. இப்பவும் யாராவது பண்ணை ஆளு ஆன்டிஃப்ரீஸ் ஊத்தி வைன்னு ஐடியா குடுப்பான், அவன் கூட வேட்டைக்கே போகாதீங்க.

மானோட மிச்சமும் யோசிச்சுதான். மானுக்கு வர்ற ஒரு மூளை நோய் இருக்கு, செத்த உடம்பு வழியா மண்ணுல தங்கிடும்னு சொல்றாங்க, அதனால மெய்னுக்குள்ள அனேகமா எல்லா வெளி மாநிலத்துலயும் சுட்ட மானோட தலை, முதுகெலும்பு எல்லாம் உள்ள கொண்டு வரவே தடை.

எப்படி வைக்கறதுங்கறது தனி வித்தை. துண்டு துண்டா போட்டா கயோட்டி வந்து கவ்வுச்சா போச்சுன்னு இருபது செகண்டுல முடிச்சுடும். அதனால பெயின்ட் பக்கெட் சைஸ் வாளியில கழிவை நிரப்பி தண்ணி ஊத்தி வெளிய வெச்சுடுவோம், மறுநாள் ஐஸ்கட்டி. அதை கவுத்து வெச்சா வேற வழியில்ல, நின்னு நிதானமா சுரண்டித்தான் தின்னணும். பெரிய உடம்பா இருந்தா சங்கிலி போட்டு மரத்துல கட்டிடணும். முதல்ல வர்றது கயோட்டி இல்ல, அண்டங்காக்கா. அது கத்தறதே ஊருக்கு பந்தி போட்டாச்சுன்னு தண்டோரா போடற மாதிரி, காக்கா வந்துடுச்சுன்னா பாதி ஜெயிச்சாச்சு.

எத்தனை நாள்ல வரும்?

ஒரு வாரமும் ஆகலாம், மூணு வாரமும் ஆகலாம். நல்லா குளிரும் ஜனவரி பிப்ரவரில சீக்கிரம் வரும், பசி ஒரு பக்கம், ஜோடி சேர்ற சீசன் ஒரு பக்கம், ஊர் சுத்திக்கிட்டே இருக்கும். முதல்ல தூரத்துல நின்னு பாக்கும், சுத்தி வரும், போயிடும். புதுசா போறவங்க பண்ற தப்பு, தினமும் போய் வந்துச்சான்னு எட்டிப் பாக்கறது. உங்க வாசனையை நீங்களே கொண்டு போய் கொட்டிட்டு வர்றீங்க. போன்ல படம் அனுப்பற கேமரா ஒண்ணு மாட்டிட்டு வீட்டுல இருங்க. எங்க பெரியவர் அதுக்கும் செலவு பண்ண மாட்டார், வீட்டு வாசலுக்கு கார் வந்தா மணி அடிக்கற வயர்லெஸ் அலாரம் இருக்குல்ல, அதை இரைக்குப் பக்கத்துல கட்டிட்டு, ரிசீவரை தலைமாட்டுல வெச்சுட்டு தூங்குவார். டிங் டாங்னா எந்திரிச்சு ஜன்னல். அவரோட வீட்டம்மாவுக்கு இதுல ரொம்ப கோவம்.

ஐஆர் லைட்டுன்னா என்ன? அதுல எப்படி தெரியுது?

டிவி ரிமோட்டை எடுத்து முன்னாடி இருக்கற பல்பை உங்க போன் செல்ஃபி கேமராவுல காட்டி ஒரு பட்டனை அமுக்குங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, நிறைய போன்ல திரையில மட்டும் ஊதா வெள்ளையா மினுக்கும். அவ்ளோதான் விஷயம். மனுஷக் கண்ணுக்கு எட்டாத வெளிச்சம், ஆனா கேமரா சில்லுக்கு எட்டும். துப்பாக்கி மேல மாட்டி குறி பாக்கற டிஜிட்டல் நைட் விஷன் ஸ்கோப்ங்கறது அந்த வெளிச்சத்தை தடுக்காம உள்ள விடற ஒரு கேமரா, மேல ஒரு ஐஆர் டார்ச், உள்ள குட்டித் திரை.

டார்ச்சுல ரெண்டு வகை கேப்பீங்க. 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர். 850 தூரம் போகும், ஆனா நேருக்கு நேர் பல்பை பாத்தா மங்கலா சிவப்பு கங்கு மாதிரி தெரியும். 940ல அந்த கங்கு தெரியாது, ஆனா கேமரா சில்லு அந்த வெளிச்சத்தை கம்மியாத்தான் பிடிக்கும், அதனால தூரம் நல்லாவே அடி வாங்கும். இரையில இருந்து நூறு மீட்டர் வரைக்கும் தள்ளி ஒக்கார்றவங்களுக்கு 850 வசதி, அம்பது அறுபது மீட்டர்னா 940 தாராளம்.

கயோட்டி கண்ணுக்கு அது தெரியாதா?

நாய் வகைக்கு கண்ணுல நிறம் பாக்கற செல் ரெண்டு வகைதான், நீலம் பக்கம் ஒண்ணு, மஞ்சப் பச்சை பக்கம் ஒண்ணு. சிவப்பே அதுக்கு மங்கல், ஐஆர் வெளிச்சம் தெரியாதுன்னுதான் பொதுவான கணக்கு. ஆனா 850 டார்ச்சோட அந்த சிவப்பு கங்கை சில கயோட்டி கவனிக்குதுன்னு வேட்டைக்காரங்க சத்தியம் பண்ணுவாங்க. நானும் பாத்திருக்கேன், லைட்டை ஆன் பண்ண செகண்டுல தின்னுட்டு இருந்தது தலையை தூக்கி நேரா என்னையே பாத்துச்சு. ஆனா அது வெளிச்சத்துக்கா, நான் சுவிட்ச்சை தட்டின சத்தத்துக்கான்னு சத்தியமா சொல்ல முடியாது, ஏன்னா அதோட காது நம்ம காது மாதிரி இல்ல. அதனால என் பழக்கம், அது வர்றதுக்கு முன்னாடியே லைட்டை ஆன் பண்ணி வெச்சுடறது. எரிஞ்சுட்டே இருக்கறதை அது கண்டுக்கறதில்ல, புதுசா மாறுறதைத்தான் கண்டுக்குது.

தெர்மல் ஸ்கோப் இருக்கறப்ப ஐஆர் எதுக்கு? காசு வீணா?

தெர்மல் வேற ஜாதி. அது வெளிச்சத்தையே நம்பாது, உடம்பு சூட்டை பாக்கும், டார்ச் தேவையே இல்ல. முன்னூறு மீட்டர் தள்ளி வெளியில முயல் அசைஞ்சாலும் வெள்ளைப் புள்ளியா காட்டிடும். தேடறதுக்கு அதை அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா அது காட்டறது ஒரு சூட்டு பொம்மை. நாலு கால், ஒரு வால். விலை கம்மியான தெர்மல்ல நூறு மீட்டர்ல நாயா கயோட்டியான்னு கேட்டா சத்தியமா முழிப்பீங்க. ஐஆர்ல முகம் தெரியும், காது கூரா மடிஞ்சான்னு தெரியும், கழுத்துல பட்டை இருக்கான்னு தெரியும். கண்ணாடி ஜன்னல் வழியாவும் தெர்மல் பாக்காது, அந்தக் கண்ணாடியோட சூட்டைத்தான் காட்டும், சாத்தின ஜன்னலுக்குள்ள ஒக்காந்து நோட்டம் பாக்கறவங்களுக்கு இது முக்கியம்.

காசு இருந்தா கையில பிடிச்சு பாக்கற சின்ன தெர்மல் ஒண்ணு, துப்பாக்கி மேல ஐஆர் ஸ்கோப் ஒண்ணு. காசு இல்லன்னா இரை வேட்டைக்கு ஐஆர் மட்டும் போதும், ஏன்னா தேட வேண்டிய அவசியமே இல்ல, அது எங்க வரும்னு நீங்கதான் முடிவு பண்ணி வெச்சிருக்கீங்களே. சுமாரான டிஜிட்டல் ஸ்கோப் ஐந்நூறு டாலர் பக்கம் ஆரம்பிக்கும், நல்ல தெர்மல்னா சில ஆயிரம். யூடியூப்காரன் சொல்றான்னு நாலாயிரத்தை கொட்டிட்டு வீட்டுல வாங்கிக் கட்டிக்காதீங்க.

பனி கொட்டும்போது ஐஆர்ல வெள்ளையா மட்டும் தெரியுது, ஸ்கோப் ரிப்பேரா?

இல்ல. கொடைக்கானல் மலைப்பாதையில மூடுபனிக்குள்ள ஹை பீம் போட்டு பாத்திருப்பீங்கல்ல, அதே கதை. உங்க வெளிச்சம் பக்கத்துல விழற பனியில பட்டு உங்களுக்கே திரும்பி வருது. முன்னாடி ஒரு காய்ஞ்ச புல்லு நீட்டிக்கிட்டு இருந்தாலோ, ஜன்னல் சட்டம் வெளிச்சத்துல பட்டாலோ இதே மாதிரி ஆகும், பக்கத்துல இருக்கறது பளிச்னு எரியும், தூரத்துல இருக்கறது இருட்டாயிடும். டார்ச்சை ஸ்கோப்ல இருந்து கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டுல மாட்டிப் பாருங்க, பவரை குறைங்க. கனமா பனி பெஞ்சா வீட்டுக்கு போங்க, அவ்ளோதான்.

எங்க ஒக்கார்றது? எவ்ளோ தூரம்?

நான் 70-90 மீட்டர். இதைவிட கிட்ட போனா உங்க மூச்சு விடற சத்தமே கேக்கும், தூரம் போனா ஐஆர்ல முகம் தெரியாது. காத்து உங்க பக்கத்துல இருந்து இரைப் பக்கம் வீசக் கூடாது. கயோட்டி இரைக்கு நேரா வராது, காத்து வீசுற பக்கமா சுத்தி வந்து மோந்து பாத்துட்டுதான் வரும், அந்த சுத்துப் பாதையில நீங்க ஒக்காந்திருந்தா கதை முடிஞ்சது. காத்து மாறினா அன்னைக்கு ஒக்காராம இருக்கறதுதான் புத்தி, அடுத்த ஒரு வாரம் அந்த இடத்தை காப்பாத்தறீங்க.

இரைக்குப் பின்னாடி மேடு இருக்கணும். வெறும் இருட்டு பின்னணி கிடையாது. இருட்டுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு ஐஆர் காட்டாது, டார்ச் போற தூரம் வரைக்கும்தான் காட்டும், தோட்டா அதைத் தாண்டி ஒரு மைலுக்கு மேல போகும். அதனால இடத்தை பகல்லயே நின்னு பாத்து, வீடு, ரோடு, பனி வண்டி ஓட்டற பாதை எல்லாம் எந்தப் பக்கம்னு மனசுல குறிச்சுட்டுத்தான் இரை வைக்கணும். மெய்ன்ல அடுத்தவங்க வீட்டுக்கு நூறு கஜத்துக்குள்ள அவங்க அனுமதி இல்லாம சுடவே கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். இரைக்குப் பக்கத்துல அறுபது சென்டிமீட்டர் குச்சி ஒண்ணு நட்டு வைங்க. கயோட்டியோட தோள் உயரம் ஏறக்குறைய அவ்ளோதான் வரும். செந்நரி பாதிக்கு மேல கொஞ்சம்தான் வரும். ராத்திரியில அளவு சுத்தமா ஏமாத்தும், குச்சி ஏமாத்தாது.

ஒரு ராத்திரி எப்படி இருக்கும்?

போர். நிஜமா. யூடியூப்ல பத்து நிமிஷ வீடியோவுல அஞ்சு விழும், நிஜத்துல அஞ்சு ராத்திரி ஒக்காந்தா ஒண்ணு வரலாம்.

ஒரு பிப்ரவரி ராத்திரியை சொல்றேன். மைனஸ் 18 டிகிரி. பெரியவரோட பழைய தட்டுமுட்டு கொட்டகை, ஜன்னல் கதவை மட்டும் ஒரு சாண் திறந்து வெச்சாச்சு, ஹீட்டர் கிடையாது, சூடு காத்து வெளிய போனா லென்ஸ்ல ஆவி பிடிக்கும். சாதா பேட்டரி அந்தக் குளிர்ல அரை மணி நேரத்துல உயிரை விட்டுடும், லித்தியம் பேட்டரி தாங்கும், அதையும் உள்சட்டைப் பையில உடம்பு சூட்டுலயே வெச்சிருக்கணும். ஸ்கோப்ல கண்ணு வைக்கற கண்ணாடியில மூச்சு பட்டா உடனே உறையும், அதனால மூச்சை கீழ விட பழகணும். ஏழரைக்கு ஒக்காந்தோம். எட்டே காலுக்கு செந்நரி ஒண்ணு வந்து பூனை மாதிரி நக்கிட்டு போச்சு. ஒன்பதுக்கு ஃபிஷர்னு ஒரு பிராணி, கீரியை ஊதி பெருசாக்கினா எப்படி இருக்கும் அப்படி, வந்து ஐஸ்கட்டியோட சண்டை போட்டுச்சு. அப்பறம் ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே இல்ல, ஃபிளாஸ்க்ல இருந்த காபி முடிஞ்சது, கால் விரல் இருக்கான்னு தெரியல.

பதினொண்ணரை இருக்கும். மரத்தோரமா ரெண்டு கண்ணு. ஐஆர்ல கண்ணு பல்பு மாதிரி எரியும், நிறைய மிருகத்தோடது அப்படி எரியும், மானு, பூனை, நாய் எல்லாம். மெதுவா இரைக்கு வந்துச்சு, நின்னுச்சு, குச்சிக்கு சரியா உயரம், வால் கீழ தொங்குது, காது நிமிர்ந்திருக்கு, எல்லாம் சரி. நான் விரலை ட்ரிக்கர் பக்கம் கொண்டு போயாச்சு. பெரியவர் தோளைத் தொட்டு வெயிட்னார். அது தலையை திருப்பினப்ப கழுத்துல ஒரு மினுக். மறுபடி மினுக். பட்டையில தொங்கற தகடு. மூணு வீடு தள்ளி இருக்கறவங்களோட ஹஸ்கி கலப்பு நாய், சங்கிலியை அத்துக்கிட்டு வந்திருக்கு.

துப்பாக்கியை சேஃப்டில போட்டு கீழ வெச்சுட்டேன், கை அரை மணி நேரம் நடுங்குச்சு, குளிர்ல இல்ல. பெரியவர் கொட்டகை கதவைத் திறந்து பேர் சொல்லி கூப்பிட்டார், அது வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வந்துச்சு. அன்னைக்கு வேட்டை அவ்ளோதான், நாயை வண்டியில ஏத்தி வீட்டுல விட்டுட்டு வந்தோம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு கதவைத் தட்டி உங்க நாய்னு சொன்னா அவங்க முகம் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாத்துக்கோங்க.

அதுல இருந்து என் ரூல், தலையோட ரெண்டு பக்கமும் பாக்காம விரல் உள்ள போகாது. அது போயிடுச்சுன்னா போகட்டும்.

நாயைத் தவிர வேற எதுல ஏமாறலாம்?

மெய்ன்ல கனடா லின்க்ஸ் இருக்கு, 2000ல இருந்து மத்திய அரசோட பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கற காட்டுப்பூனை, அதுவும் இரைக்கு வரும். அமெரிக்காவோட பெரிய ஏரிகளுக்கு மேற்குப் பக்கம் போனா சாம்பல் ஓநாய். வட கரோலினாவுல நடந்தது இன்னும் பெரிய விஷயம், உலகத்துலயே காட்டுல மிச்சமிருக்கற செவ்வோநாய்கள் அங்க அஞ்சு மாவட்டத்துலதான் இருக்கு, கயோட்டின்னு நினைச்சு ஆளுங்க சுட்டுக்கிட்டே இருந்ததால 2014ல நீதிமன்றம் அந்த அஞ்சு மாவட்டத்துலயும் கயோட்டி வேட்டைக்கே தடை போட்டுச்சு, அப்பறம் பகல்ல மட்டும் பெர்மிட்டோடன்னு விட்டாங்க, ராத்திரி கிடையாது. பகல்லயே குழம்பறவங்க ராத்திரி ஐஆர்ல என்ன கிழிப்பாங்கன்னு கோர்ட்டுக்கே தெரிஞ்சிருக்கு.

என்ன துப்பாக்கி, என்ன தோட்டா?

புள்ளி 223 ரைஃபிள், 55 கிரெய்ன் எடைத் தோட்டா. போதும். காட்டோரமா முப்பது மீட்டருக்குள்ளன்னா 12 கேஜ் பக்ஷாட், அதாவது ஒரே வெடியில பல குண்டு சிதறிப் போற ஷாட்கன் தோட்டா. முடிஞ்சா செம்புத் தோட்டா, ஏன்னா ஈயத் தோட்டா உடம்புக்குள்ள பொடிப் பொடியா சிதறும், நீங்க விட்டுட்டு வர்ற உடம்பை தின்ன வர்ற கழுகுக்கு அந்தப் பொடி விஷம். இதைப் பத்தி மணிக்கணக்கா சண்டை போடறவங்க இருக்காங்க, நான் அந்தப் பக்கம் போறதில்ல.

சட்டம் என்ன சொல்லுது? எச்-1பில இருக்கற நான் போலாமா?

மாநிலத்துக்கு மாநிலம் தலைகீழ். மெய்ன்ல ராத்திரி கயோட்டிக்கு வேட்டை லைசென்ஸ் மேல தனி பெர்மிட், டிசம்பர் 16ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும், கூடவே கயோட்டியை கூப்பிடற விசிலோ சத்தம் போடற எலக்ட்ரானிக் கருவியோ ஏதாவது கையில வெச்சிருக்கணும். இரை வெச்சிருக்கேனே விசில் எதுக்குன்னு கேக்காதீங்க, மானைத் திருட்டுத்தனமா சுடறவனையும் உங்களையும் பிரிச்சுப் பாக்கத்தான்னு நானா நினைச்சுக்கறேன். ஞாயித்துக்கிழமை வேட்டையே கிடையாது, சனிக்கிழமை ராத்திரி பன்னெண்டோட மூட்டை கட்டணும். பென்சில்வேனியாவுல 2021லதான் ரோமத் தோலுக்காக வேட்டையாடற விலங்குகளுக்கு நைட் விஷன், இன்ஃப்ராரெட் ஸ்கோப்பையே அனுமதிச்சாங்க. டெக்சஸ்ல சீசனே கிடையாது, வருஷம் பூரா. சில மாநிலத்துல இரை ஓகே லைட் இல்ல, சிலதுல லைட் ஓகே இரை இல்ல. அந்த வருஷத்து ரூல் புக்கை படிக்காம கிளம்பாதீங்க, போன வருஷ புக்கும் ஆகாது.

விசா விஷயம். எச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கறது மத்திய சட்டப்படி குத்தம், விதிவிலக்குல முக்கியமானது, ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் கையில இருக்கணும். லைசென்ஸ் காலாவதியானா அந்த விலக்கும் போச்சு. நண்பனோட துப்பாக்கியை சும்மா பிடிச்சுப் பாத்தேன்ங்கறதும் கணக்குதான். கிரீன் கார்டுக்காரங்களுக்கு இந்தத் தடை இல்ல. முதல்ல ஹன்டர் சேஃப்டி கோர்ஸ் முடிங்க, அப்பறம் லைசென்ஸ், அப்பறம்தான் துப்பாக்கிக் கடை. சந்தேகம்னா வக்கீலை கேளுங்க, என்னை இல்ல.

இன்னொண்ணு, ராத்திரி வெடி சத்தம் கேட்டா அக்கம்பக்கத்துல போலீஸை கூப்பிடுவாங்க. முன்னாடியே சொல்லி வைங்க. நம்ம நிறத்துல இருக்கற ஆளு இருட்டுல துப்பாக்கியோட நிக்கறப்ப போலீஸ் வந்து விளக்கம் கேக்கற நிலைமை வரவே வேண்டாம்.

இப்படி சுட்டா கயோட்டி குறைஞ்சுடுமா?

குறையாது. எங்க பெரியவர் இதை ஒத்துக்க மாட்டார், ஆனா குறையாது. மத்திய அரசோட வேளாண் துறையே ஆட்டுக்காரங்களுக்காக வருஷத்துக்கு அறுபதாயிரம் பக்கம் கொல்லுது. கனடாவுல சஸ்காச்சுவன் மாகாணத்துல 2009-10 பனிக்காலத்துல ஒண்ணுக்கு இருபது டாலர்னு அறிவிச்சு எழுபதாயிரத்துக்கு மேல விழுந்துச்சு, அப்பவும் அங்க கயோட்டி இருக்கு. 1975லயே கலிபோர்னியாவுல ஒரு கணக்கு போட்டாங்க, வருஷா வருஷம் 75 சதவீதத்தை கொன்னாலும் முழுசா ஒழிக்க அம்பது வருஷம் பக்கம் ஆகும்னு. கூட்டம் குறைஞ்சா மிச்சம் இருக்கறதுக்கு சாப்பாடு தாராளம், குட்டி நிறைய பொழைக்கும், சின்னப் பொண்ணுங்களே ஈனும், காலி இடத்துக்கு பக்கத்து காட்டுல இருந்து புது ஆளு வரும்.

ஆனா ஆடு பிடிச்சு ருசி கண்ட ஒரு குறிப்பிட்ட ஜோடியை எடுத்தா அந்த வசந்தத்துல குட்டி பொழைக்குது, இது நான் கண்ணால பாத்தது. அதுக்கும் மேல வேலை செய்யறது நல்ல வேலியும் பட்டி நாயும்தான். பெரியவர் மூணு வருஷம் முன்னாடி கிரேட் பிரனீஸ்ங்கற ஜாதி காவல் நாய் ரெண்டு வாங்கி விட்டார், அதுக்கப்பறம் ஒரே ஒரு குட்டிதான் போயிருக்கு. அப்ப எதுக்கு இன்னும் கொட்டகையில ஒக்கார்றீங்கன்னு கேட்டா, பிடிச்சிருக்கு. ஆட்டுக்காகன்னு சொல்லி என்னை நானே ஏமாத்திக்க விரும்பல.

சுட்டதை என்ன பண்ணுவீங்க? தின்பீங்களா?

தின்ன மாட்டோம். தோலுக்குத்தான், டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ரோமம் நல்லா இருக்கும். விலை முந்தி மாதிரி இல்ல, கனடா கூஸ் கம்பெனி ஜாக்கெட் தொப்பி ஓரத்துக்கு கயோட்டி ரோமம் வாங்கிட்டு இருந்துச்சு, 2021ல நிறுத்தப் போறதா சொன்னதுல சந்தையே சுருண்டுடுச்சு. உரிக்கறப்ப கையுறை கட்டாயம், சொறி, நாடாப்புழு முட்டை, ரேபிஸ்னு வரிசையா இருக்கு. ரோமம் கொட்டி சொறி பிடிச்சதுன்னா தொடாம புதைச்சுடுங்க.

மனுஷனை தாக்குமா?

ரொம்ப அபூர்வம். செத்ததா பதிவானது வட அமெரிக்காவுலயே ரெண்டு பேர், 1981ல கலிபோர்னியாவுல ஒரு குழந்தை, 2009ல கனடாவோட கேப் பிரெட்டன்ல ஒரு இளம் பாடகி. நரி இடம் போனா என்ன வலம் போனா என்ன மேல விழுந்து பிடுங்காம இருந்தா சரின்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்ல, தொண்ணூத்தொம்பது சதவீதம் அப்படித்தான் அது பாட்டுக்கு போகும். இருட்டுல எனக்கு பயம் குளிர்தான். ஒரு கையுறை தொலைஞ்சா விரல் போயிடும். தனியா போனா எங்க இருக்கேன், எத்தனை மணிக்கு வருவேன்னு வீட்டுல எழுதி வெச்சுட்டு போங்க, காட்டுக்குள்ள சிக்னல் இருக்காது.

பாவம் இல்லையா?

எங்க அம்மா போன் பண்ணும்போதெல்லாம் கேக்கறாங்க. முதல் கயோட்டி விழுந்தப்ப கிட்ட போய் பாத்தேன், மூஞ்சி அப்படியே எங்க தெரு நாய் மாதிரி இருந்துச்சு, அன்னைக்கு தூங்கல. இப்பவும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுக்கு மேல சுடறதில்ல. நிறைய ராத்திரி பாத்துட்டு விட்டுடறேன். காலைல ஆபீஸ்ல நல்ல செய்தி ஏதாவது வந்தா, நரி முகத்துல முழிச்சேன்ல, அதான்னு வீட்டுல சொல்லிக்கறது. பரிசு வெச்சு யார் அதிகம் கொல்றாங்கன்னு போட்டி நடத்தறதை மட்டும் எனக்கு சகிக்கல, கலிபோர்னியா 2014லயும் வெர்மான்ட் 2018லயும் அதைத் தடை பண்ணிடுச்சு, நல்ல வேலை.

இதே செட்டப்பை ஊருக்கு கொண்டு வந்து தோட்டத்துல பன்னி, நரிக்கு வைக்கலாமான்னு மாமா கேக்கறார்

மாமாகிட்ட வேணாம்னு சொல்லுங்க. நம்ம ஊர்ல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே தடை, நரி உட்பட. பன்னி பயிரை அழிக்குதுன்னா வனத்துறைக்கு மனு குடுக்கணும், நாமளா சுடக் கூடாது. அதோட நைட் விஷன், தெர்மல் ஸ்கோப் எல்லாம் அமெரிக்காவுல ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுல இருக்கற பொருள், லைசென்ஸ் இல்லாம சூட்கேஸ்ல போட்டா அது இங்கயே குத்தம். சாக்லேட்டும் பாதாமும் போதும்னு சொல்லுங்க.